அச்சாரம் வாங்கிய நாள்

நெல் வியாபாரி விற்காமற்போன நெல்லை மறுநாளைக்கு வைத்திருக்கலாம். புடைவைக் கடைக்காரர் தீபாவளிக்கு விலைபோகாத சேலையைப் பொங்கலுக்கு எடுத்து விரிக்கலாம். ஆனால், கழிந்துபோன காலை ஒன்பது மணியைத் திரும்ப எடுத்து விற்க வல்ல வியாபாரி இதுவரை பிறக்கவில்லை. ஒலிப்பதிவுக் கலையகம் ஒன்றில் முன்பதிவுக் கொப்பி எழுதும் பொறுப்பை ஏற்ற பின்னரே இந்த எளிய உண்மை எனக்கு விளங்கலாயிற்று.

முப்பத்தோராண்டு பாடசாலையிலே தமிழ் படிப்பித்து ஓய்வுபெற்றவன் நான். என்னிடம் படித்த மாணவர் ஒருவர், யாழ்ப்பாணத்துச் சிற்றூர் ஒன்றிலே தம் வீட்டின் பின்னறைகள் இரண்டைத் திருத்தி, சுவருக்குப் பஞ்சுப் பாளமும் வாசலுக்கு இரட்டைக் கதவும் இட்டு, 2018 இல் ஒரு சிறு கலையகம் தொடங்கினார். இசையும் இயந்திரமும் அவருக்குக் கைவந்தவை, கணக்கு வராது. "சேர், கொப்பியை நீங்கள் பார்த்தால் எனக்கு நிம்மதி" என்றார். மாலைப்பொழுதைக் கழிப்பதற்கு நல்ல வழியென்று எண்ணி இசைந்தேன். அந்தக் கொப்பியோ, வாக்கு என்பது யாது என்று முப்பத்தோராண்டு வகுப்பறையில் நான் விளக்கியதற்கு மேலான ஒரு விளக்கத்தை எனக்குத் தந்தது. அதனை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இதனை எழுதுகிறேன்.

கலையகத்துக்கு வருவோர் பலதிறத்தினர். கோயில் மகோற்சவத்துக்குப் பாடல் இறுவட்டு வெளியிடுவோர், பாடசாலைக் கீதம் பதிவுசெய்ய மாணவரை அழைத்துவரும் ஆசிரியர், வானொலி நாடகக் குழுவினர், தம் கவிதையைத் தம் குரலிலேயே கேட்க விரும்பும் கவிஞர், கடைத்திறப்பு விளம்பரம் வாசிக்க வரும் இளைஞர் என்று பட்டியல் நீளும். வருவோர் எல்லாரும் முதலில் இயந்திரத்தையே பார்க்கின்றனர். எந்த ஒலிவாங்கி, எந்தக் கணினி என்று வினவுகின்றனர். ஆனால் நாம் அவர்களுக்கு விற்பது இயந்திரத்தை அன்று. அவ்வறையின் நான்கு மணித்தியாலத்தையே விற்கிறோம்.

இது எங்கள் சிறு கலையகத்துக்கு மாத்திரம் உரிய வழக்கம் அன்று. இலண்டன் அபி வீதியிலே 1931 நவம்பரில் திறக்கப்பட்ட புகழ்வாய்ந்த கலையகமும் நேரத்தையே கூறுபோட்டு வழங்கிவந்தது. காலை பத்திலிருந்து ஒரு மணி வரை, பிற்பகல் இரண்டரையிலிருந்து ஐந்தரை வரை, இரவு ஏழரையிலிருந்து பத்தரை வரை என மூன்று வேளைகள். ஒவ்வொன்றும் மூன்று மணித்தியாலம். வாத்தியக்காரர் சங்கத்தோடு செய்த உடன்பாட்டின்படி ஒரு வேளைக்கு ஒருவருக்கு 7 பவுண் 10 சிலிங் கூலி. 1963 பெப்ரவரி 11 ஆந் திகதி பீற்றில்ஸ் குழுவினர் நால்வரும் அங்கே சென்று, மூன்று வேளையும் தொடர்ந்து பாடி, தமது முதல் நெடுந்தட்டுக்கு வேண்டிய பத்துப் பாடல்களை ஒரே நாளில் முடித்தனர். அன்று ஜோன் லெனனுக்குத் தடிமன். தொண்டையை மிகவும் வருத்தும் பாடலை இறுதிக்கென ஒதுக்கிவைத்திருந்தனர். முதல் முறை பாடியதே தட்டில் ஏறிற்று. இரண்டாம் முறை முயன்றபோது குரல் எழவில்லை. அந்த இரவைப் பற்றிப் படித்தபோது, கூடத்துக்கு ஒரு நேரம் இருப்பது போலக் குரலுக்கும் ஒரு நேரம் உண்டு என்று எனக்குத் தோன்றிற்று. அந்த எண்ணம் பிற்பாடு வேறொரு வகையிலே என்னைச் சுட்டது. அதனைப் பின்னர் கூறுவேன்.

பென்சிலும் மையும்

எங்கள் கொப்பியில் ஒரு நாளுக்கு இரண்டு வேளைகள்: காலை ஒன்பது தொடக்கம் ஒரு மணி வரை, பிற்பகல் இரண்டு தொடக்கம் ஆறு மணி வரை. மணித்தியாலத்துக்கு 2,500 ரூபா. ஆகவே ஒரு வேளைக்கு 10,000 ரூபா. ஒருவர் தொலைபேசியில் நாள் கேட்டால் அவர் பெயரைப் பென்சிலால் எழுதுவேன். அது மூன்று நாட்களுக்கு மாத்திரம் நிற்கும். அதற்குள் பாதிப்பணமாகிய 5,000 ரூபாவைத் தந்தால் பென்சிற் பெயரை அழித்து மையினால் எழுதிப் பற்றுச்சீட்டுக் கொடுப்பேன். தராவிட்டால் பென்சிலை அழித்துவிட்டு அடுத்தவருக்குச் சொல்வேன்.

தொடக்கத்திலே எங்களுக்குப் பென்சிலும் இல்லை, மையும் இல்லை. முற்பணம் கேட்க என் மாணவர் கூச்சப்பட்டார். ஊரவர், உறவினர், கூடப் படித்தவர் என்று எல்லாரும் தெரிந்தவர்கள். "வாறம் எண்டால் வருவினம்தானே, சேர்" என்பார். முதல் மூன்று மாதத்தில் வருவதாகச் சொல்லி வராதவர்களால் வீணான வேளைகளை எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. வராதவர் எவரும் தீயவர் அல்லர். ஒருவருக்கு அன்று வீட்டில் துடக்கு. ஒருவருக்குத் தொண்டை கட்டிற்று. ஒருவர் பாட்டையே இன்னும் எழுதி முடிக்கவில்லை. இன்னொருவர் மறந்தே போனார். சொல்லி அனுப்ப வேண்டும் என்ற நினைவு அவர்களுள் ஒருவருக்கும் வரவில்லை. ஏனெனில், அவர்கள் எதையும் எங்களிடம் விட்டுச் செல்லவில்லை. பணம் கையைவிட்டுப் போன பின்னரே பலருக்கும் நாள் நினைவிலே நிற்கிறது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆகவே சட்டம் வகுத்தோம். நான் எழுதிய ஏழு விதிகளைப் பற்றுச்சீட்டின் பின்புறத்தில் அச்சிட்டோம். சொல்லால் வைத்த நாள் மூன்று நாட்களுக்கே நிற்கும். பாதிப்பணம் தந்தால் நாள் உறுதி. ஏழு நாட்களுக்கு முன் இரத்துச் செய்தால் முழுப்பணமும் திரும்பும். அதற்குப் பின்னர், ஆனால் நாற்பத்தெட்டு மணித்தியாலத்துக்கு முன்னர் சொன்னால், ஒரு முறை நாளை மாற்றலாம். நாற்பத்தெட்டு மணித்தியாலத்துக்குள் சொன்னால் முற்பணம் திரும்பாது. பிந்தி வந்தால் பிந்திய நேரமும் கணக்கிற் சேரும். மீதிப்பணம் கட்டிய பின்பே பதிவு கையளிக்கப்படும்.

இவற்றுள் ஐந்தாம் விதியைத்தான் பலர் கொடிதென்றனர். "பாடவேயில்லை, காசு மட்டும் ஏன்?" என்று கேட்டனர். அவர்களுக்கு நான் கூறும் விடை இது: உங்களுக்காக மிருதங்கக்காரர் தம் வகுப்பை நிறுத்திவைத்தார், ஒலிப்பதிவாளர் வேறு வேலைக்குப் போகவில்லை, அதே நாளைக் கேட்ட வேறு இருவரைத் திருப்பி அனுப்பினோம், நாளை காலைக்கு இன்று மாலை ஆள் தேட இயலாது. முற்பணம் பாட்டுக்கான விலை அன்று. பிறருக்குக் கொடாமல் உங்களுக்கென்று காத்துவைத்த நேரத்துக்கான ஈடு.

இந்த விடை நேர்மையானதாயின், அதனோடு இன்னொன்றும் வந்து சேர்கிறது. ஒரு முறை இளம் பாடகி ஒருவர் முதல்நாள் மாலை தொண்டை நோவென்று இரத்துச் செய்தார். தற்செயலாக அன்றிரவே வேறொரு குழுவினர் அதே வேளையைக் கேட்டுப் பெற்றுக்கொண்டனர். விதிப்படி அந்தப் பெண்ணின் 5,000 ரூபா எங்களுக்கே உரியது. ஆனால் ஒரே மணித்தியாலத்துக்கு இருவரிடம் பணம் வாங்குவது எந்த நியாயத்தில் அடங்கும்? நட்டம் இல்லாதபோது ஈடும் இல்லை என்று கூறித் திருப்பிக் கொடுத்தேன். அப்பெண்ணின் தாயார் என்னைப் பெரிதும் மெச்சினார். நானும் என்னை நல்ல நடுவன் என்று எண்ணி மகிழ்ந்தேன்.

யாருடைய பிழையும் இல்லாதபோது

இரு தரத்தாரும் ஆயத்தமாக இருந்தும் நாள் நடவாது போவதுண்டு. 2020 மார்ச் 20 ஆந் திகதி நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறந்தபோது கொப்பியில் மையினால் எழுதிய பெயர்கள் பதினான்கு. 2022 மார்ச் முடிவில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை நீண்டபோது ஒன்பது. பாடுவோர் வாசலில் நிற்கிறார்கள், உள்ளே இருள். இதற்கு எந்த விதி?

இந்த வினாவுக்கு விடை தேடும்போது, சட்டம் படித்த நண்பர் ஒருவர் இலண்டனில் நடந்த வழக்கொன்றை எனக்குச் சொன்னார். 1902 ஜூன் 26 ஆந் திகதி ஏழாம் எட்வேட் மன்னருக்கு முடிசூட்டு விழா என்று நாள் குறித்தாயிற்று. ஊர்வலம் பார்ப்பதற்கென ஹென்றி என்பவர், பல்மல் வீதியில் கிறெல் என்பவருக்குரிய அறைகளை இரண்டு பகற்பொழுதுக்கு 75 பவுணுக்குப் பேசி, 25 பவுண் முற்பணமும் கொடுத்தார். விழாவுக்கு இரண்டு நாட்களே இருக்கையில் மன்னருக்குக் குடல்வால் நோய்க்காகச் சத்திர சிகிச்சை நடந்தது, விழா பிற்போடப்பட்டது. மீதி 50 பவுணைக் கேட்டுக் கிறெல் வழக்குத் தொடுத்தார். ஊர்வலமே அவ்வொப்பந்தத்தின் உயிர். அது நீங்கியபின் ஒப்பந்தமும் நீங்கிற்று, மீதியைக் கொடுக்க வேண்டியதில்லை என 1903 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. முற்பணத்தைத் திருப்பிக் கேட்ட கோரிக்கையை ஹென்றி மேன்முறையீட்டிலே கைவிட்டமையால் அந்த 25 பவுணும் கிறெலிடமே தங்கிற்று.

அதே விழாவைப் பற்றிய இன்னொரு வழக்கு 1904 இல் தீர்க்கப்பட்டது. அதில் 141 பவுண் 15 சிலிங்குக்கு அறை பேசி 100 பவுண் முன்னரே கட்டியவர், கட்டியதைத் திரும்பப் பெறவில்லை; விழா நின்றுபோகுமுன்னரே கட்டியிருக்க வேண்டிய மீதியையும் கட்டவேண்டியதாயிற்று. இஃது என்ன நியாயம் என்று சட்ட அறிஞர் பலர் நெடுங்காலம் வினவினர். இத்தீர்ப்பு வழங்கிய நெறி 1942 இல் பிரபுக்கள் சபையிலே தள்ளப்பட்டது. 1943 இல் இங்கிலாந்தில் இதற்கெனவே சட்டம் இயற்றினர். பொதுவிதியாக, கொடுத்த பணம் திரும்பும். வாங்கியவர் அதற்குள் மெய்யாகவே ஏதும் செலவு செய்திருந்தால், நீதிமன்றம் தகுதியெனக் கண்ட அளவுக்கு அதனைக் கழிக்க இடம் உண்டு.

எங்கள் நாட்டு ஒப்பந்தச் சட்டத்துக்கு அடிப்படை உரோமன் டச்சுச் சட்டம். இங்கிலாந்தின் சட்டம் எங்களைக் கட்டாது. எனினும் அதன் நியாயம் எங்கள் சிறு அறைக்கு மிகவும் பொருந்திற்று. பதினான்கு பேருக்கும் பின்னர் ஒன்பது பேருக்கும் நானே தொலைபேசியிற் பேசினேன். வேறு நாள் வேண்டியோருக்கு நாள். பணம் வேண்டியோருக்குப் பணம். நாங்கள் எதையும் கழிக்கவில்லை. கழிக்க எங்களுக்கு ஒரு செலவும் ஆகியிருக்கவில்லை. கலையகத்துக்கு அது கடினமான காலமாயினும், ஊரடங்கு நீங்கியபின் அந்தப் பதினான்கு பேரில் பதின்மூவர் திரும்பி வந்தனர்.

வந்தவர் இரத்துச் செய்தால் என்ன விதி, ஊரே நின்றுபோனால் என்ன விதி என்று எல்லாம் ஆராய்ந்து முடித்துவிட்டதாக எண்ணி இருந்தேன். எண்ணாத ஒன்று எஞ்சிக் கிடந்தது.

அண்ணாவியார் வந்த நாள்

2023 ஆம் ஆண்டு ஆடி மாதம், அயலூரிலிருந்து கூத்து அண்ணாவியார் ஒருவர் துவிச்சக்கரவண்டியில் வந்தார். வயது எழுபத்தெட்டு. காத்தவராயன் கூத்தின் பாட்டும் மெட்டும் தொடக்கம் முதல் மங்களம் வரை அவருக்கு மனப்பாடம். இளமையில் விடியவிடியப் பாடிய குரல். கூத்தின் பிரதியை அச்சிட்டவர்கள் உளர். ஆனால் அச்சு சொல்லைத்தான் காக்கும். எந்த இடத்தில் இழுக்க வேண்டும், எந்த இடத்தில் அறுத்து நிறுத்த வேண்டும் என்பது பாடுவோர் தொண்டையிலேதான் இருக்கிறது. 1960 களிலே பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தை மேடைக்குக் கொண்டுவர முற்பட்டபோது அண்ணாவிமாரைத் தேடிச் சென்றதும் இதனாலன்றோ?

பழைய குழுவில் மிஞ்சியிருந்த ஐவரும் ஆளுக்கு ஆயிரமாகப் போட்டுச் சேர்த்த 5,000 ரூபாவை அண்ணாவியார் மடியிலிருந்து எடுத்துத் தந்தார். ஆவணி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றின் காலைவேளையை அவருக்கென்று மையினால் எழுதினேன். பற்றுச்சீட்டை அவர் இரண்டு கையாலும் வாங்கினார்.

"காசு தந்திட்டன். இனி அந்த நாள் என்ரைதானே, மாஸ்ரர்?"

"ஓம் அண்ணாவியார், உங்கடைதான்" என்றேன்.

அந்தச் சனிக்கிழமைக்கு ஆறு நாள் இருக்கையிலே, வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்த அன்பர் ஒருவர் கலையகத்துக்கு வந்தார். தம் ஊர்க் கோயிற் தேர்த்திருவிழாவுக்குப் பாடல்கள் வெளியிட வேண்டும். அவருக்கு இருப்பதோ வெள்ளி, சனி, ஞாயிறு என்னும் மூன்று நாட்களே. ஆறு வேளைக்கும் உரிய 60,000 ரூபாவையும் ஒருமிக்க மேசையில் வைத்தார். சனி காலையைத் தவிர மற்ற ஐந்தும் வெறுமையாக இருந்தன. இடையிலே ஒரு வேளை தடைப்பட்டால் தமக்கு உதவாது என்றார். அவரை நான் குறைகூற மாட்டேன். அவர் கேட்டார், அவ்வளவுதான். என் மாணவர் என் முகத்தைப் பார்த்தார். கலையகத்துக்குக் கடன் இருந்தது எனக்குத் தெரியும்.

அண்ணாவியாருக்குத் தொலைபேசி எடுத்தேன். "ஒரு இரண்டு கிழமை தள்ளி வைக்கலாமோ அண்ணாவியார்? உங்களுக்கு அவசரம் இல்லைத்தானே?"

"மாஸ்ரர் சொன்னால் சரிதானே. கூத்து எங்கை ஓடப்போகுது" என்று சிரித்தார்.

மையினால் எழுதிய பெயரை மையினாலேயே வெட்டினேன்.

ஒன்பதாம் நாள் அவருக்குப் பாரிசவாதம் கண்டது. உயிருக்கு ஆபத்து நீங்கிற்று. வலக்கையும் பேச்சும் போயின. வெளிநாட்டு அன்பரின் இறுவட்டு தேர்த்திருவிழாவன்று நன்றாகவே வெளிவந்தது.

செய்தி கேட்ட இரவு பற்றுச்சீட்டுப் புத்தகத்தை எடுத்துப் பின்புறத்தை வாசித்தேன். ஏழு விதிகள். வருபவர் மறுத்தால், பிந்தினால், மறந்தால், கட்டாவிட்டால் என்று ஏழு. கலையகம் மறுத்தால் என்று ஒன்றேனும் இல்லை. வாத்தியார் எழுதிய விதிகள்! இளம் பாடகிக்கு 5,000 ரூபாவைத் திருப்பிக் கொடுத்து நடுவன் என்று பெருமைப்பட்டவன், தனக்கு ஒரு விதியும் எழுதவில்லை.

சொல்லின் உள்ளே இருந்தது

தமிழ் படிப்பித்தவனுக்கு மனம் தடுமாறினால் அகராதிதான் புகலிடம். அச்சாரம் என்ற சொல்லைத் தேடினேன். முன்பணம் என்று பொருள். அச்சகாரம் என்ற வடிவமும் உண்டு. வடமொழியிலே சத்தியங்காரம் என்றும் பாளியிலே சச்சகாரம் என்றும் முன்பணத்துக்குப் பெயர் வழங்கிற்று. சச்சம் என்றால் சத்தியம். சச்சகாரம் என்றால் சத்தியமாக்குவது. பேசிய பேச்சை மெய்யாக்குவது. அச்சகாரம், சச்சகாரம் என்னும் இரண்டையும் பக்கத்திற் பக்கமாக வைத்து உச்சரித்துப் பார்ப்பவருக்கு உறவை விளக்க வேண்டியதில்லை. தமிழ் விவிலியத்தில் புனித பவுல், தூய ஆவியை இறைவன் தந்த அச்சாரமாகக் கூறுவதும் நினைவுக்கு வந்தது. அங்கே அச்சாரம் கொடுப்பவர் இறைவன். பின்வருவதைத் தப்பாமல் தருவேன் என்பதற்கு அது உறுதி.

பாளிச் சொல் என்னைச் சுல்லகசேட்டி ஜாதகத்திடம் கொண்டுசென்றது. செத்த எலி ஒன்றை முதலாக வைத்து வியாபாரம் தொடங்கிய ஏழை இளைஞன் ஒருவனின் கதை அது. துறைமுகத்துக்குப் பெரிய கப்பல் வந்ததென்று அறிந்த அவன், வாடகை வண்டியில் ஏறிச் சென்று, தன் விரல் மோதிரத்தைச் சச்சகாரமாகக் கொடுத்துச் சரக்கு முழுவதையும் பேசிக்கொள்கிறான். அதன்பின் வாரணாசியிலிருந்து நூறு வணிகர் வருகின்றனர். அவர்களிடம் பணம் இருக்கிறது. இளைஞனிடம் இருந்தது மோதிரம் ஒன்றே. எனினும், சரக்கு உங்களுக்கு இல்லை, ஒருவர் அச்சாரம் தந்துவிட்டார் என்ற மறுமொழியே அவர்களுக்குக் கிடைக்கிறது. நூற்றுவரும் அந்த இளைஞனைத் தேடிச் சென்று அவனிடமே பங்கு கேட்டு வாங்க நேர்கிறது.

இக்கதையை இளைஞனின் சாமர்த்தியத்துக்காகவே வகுப்பிற் பலமுறை சொல்லியிருக்கிறேன். அந்த மறுமொழியின் பெருமையை அன்றுதான் கண்டேன். கொடுத்த மோதிரம் கொடுத்தவனை மாத்திரம் கட்டவில்லை, வாங்கியவனையும் கட்டிற்று. நூறு பேர் பணத்தோடு வந்தும் கப்பல் கைமாறவில்லை. என்னிடம் வந்தவர் ஒருவரே. நான் கப்பலைக் கொடுத்துவிட்டேன்.

பழைய உரோமரும் இதனை அறிந்திருந்தனர். கி.பி. 533 இல் வெளியான ஜஸ்டினியன் பேரரசரின் சட்ட நூல், விற்பனைக்கு அச்சாரம் கொடுத்தவன் பின்வாங்கினால் அதனை இழப்பான் என்கிறது; வாங்கியவன் பின்வாங்கினால் இரட்டித்துக் கொடுக்க வேண்டும் என்கிறது. நான் எழுதிய ஏழும் இந்த விதியின் முன்பாதிக்கு உரை எழுதியவையே. பின்பாதி என் கண்ணிற் படவேயில்லை.

எட்டாம் விதி

அடுத்த கிழமை 10,000 ரூபாவை ஓர் உறையில் இட்டுக்கொண்டு அண்ணாவியார் வீட்டுக்குப் போனேன். விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். என்னைக் கண்டதும் எழ முயன்றார். நான் செய்தது பிழை என்று சொன்னேன். அவர் மனைவியார், "விடுங்கோ மாஸ்ரர், வருத்தம் வருமெண்டு ஆருக்குத் தெரியும்" என்றார். வருத்தம் வரும் என்று எனக்குத் தெரியாது, உண்மை. ஆனால் அந்த நாள் அவருடையது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

அண்ணாவியார் உறையை இடக்கையால் வாங்கி, தாள்களை மடியில் இட்டு, ஒவ்வொன்றாக எண்ணினார். ஐயாயிரத்தை வைத்துக்கொண்டு மற்ற ஐயாயிரத்தை என் பக்கமாகத் தள்ளினார். இது உரோமச் சட்டம் என்று அவருக்கு எப்படிச் சொல்வேன்? அவர் கொடுத்தது ஐயாயிரம். அவருக்கு வேண்டியதும் அதுவே. மற்றதை எந்தப் பணத்தாலும் தர இயலாது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

இப்போது எங்கள் பற்றுச்சீட்டின் பின்புறத்தில் எட்டு விதிகள் உள்ளன. எட்டாவதை முதலாவதாக அச்சிட்டிருக்கிறோம்: மையினால் எழுதிய நாளைக் கலையகம் மாற்றாது, கலையகத்தின் பிழையால் நாள் தவறினால் முற்பணம் இரட்டித்துத் திரும்பும். என் மாணவர் முதலில் தயங்கினார். "பெரிய ஆட்கள் வந்தால் என்ன செய்யிறது, சேர்?" என்றார். ஏற்கெனவே நாள் எழுதியவரின் தொலைபேசி இலக்கத்தை வந்தவருக்குக் கொடாமல், நாமே அவரிடம் கேட்கலாம்; ஆனால் 'உங்களுக்கு அவசரம் இல்லைத்தானே' என்று கேட்கக்கூடாது; மறுத்தால் மறுபேச்சும் கூடாது என்றேன். பெரியவர் தம் வேண்டுகோளைத் தட்டமாட்டார் என்று தெரிந்துகொண்டு கேட்பதும் ஒருவகைப் பறித்தலே.

இந்த விதியால் நட்டமும் உண்டு. ஒரு நாள் மின்பிறப்பாக்கி பழுதானபோது இருவருக்கு இரட்டித்துக் கொடுத்தோம். அந்த மாதக் கணக்கு இடித்தது. ஆயினும் ஒன்றைக் கவனித்தேன். முற்பணம் தர முன்னர் முகஞ்சுழித்தவர்கள், பின்புறத்து முதல் வரியை வாசித்தபின் தயங்காமல் தருகிறார்கள். இரத்துச் செய்ய நேர்ந்தால் முன்கூட்டியே சொல்கிறார்கள். நாம் கட்டுண்டிருப்பதை அவர்கள் காண்கிறார்கள், தாமும் கட்டுப்படுகிறார்கள்.

2024 சித்திரையில் அண்ணாவியார் குழுவின் மற்ற நால்வரும் வந்தனர். அவர் பாடிக் கேட்டுத் தங்கள் நினைவில் நிற்பதையாவது பதிவுசெய்ய வேண்டும் என்றனர். கட்டணம் வேண்டாம் என்ற என்னிடம், அச்சாரம் வாங்காவிட்டால் நாள் உறுதியில்லைத்தானே என்று கேட்டு, அதே 5,000 ரூபாவைத் தந்தனர். வாங்கினேன். பதிவன்று அண்ணாவியாரையும் முச்சக்கரவண்டியில் அழைத்துவந்தனர். கண்ணாடிக்கு உட்புறம் கதிரையில் இருந்து, மெட்டுப் பிழைத்த இடங்களிலெல்லாம் இடக்கையை உயர்த்தி நிறுத்தினார். சில இடங்களில் நால்வரும் பலமுறை பாடிப் பார்த்தும் அந்தக் கை இறங்கவில்லை. அவ்விடங்கள் அப்படியே விடப்பட்டன.

அந்தக் காலைவேளையை வேறு இருவர் கேட்டிருந்தனர். அவர்களுள் ஒருவர் முழுப்பணமும் தருவதாகச் சொன்னார். அந்த நாள் இன்னொருவருடையது என்று மறுமொழி சொன்னேன்.